வியர்க்காத மகனுக்கு ஈர பனியன்

பாலக்கோட்டில் ஏப்ரல் பிறந்தாலே மகனுக்குக் காய்ச்சல் வந்துவிடும். பாராசிட்டமால் கொடுத்தாலும் இறங்காது. வேப்பமர நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தானாக இறங்கும். அது காய்ச்சலே இல்லை, உடம்புச் சூடு வெளியேற வழியில்லை என்பது அவனுடைய நாலாவது வயதில்தான் தெரிந்தது. எக்டோடெர்மல் டிஸ்ப்ளேசியா என்கிற பிறவிக் கோளாறு. வியர்வைச் சுரப்பி மிகக் குறைவு, முடி மெல்லிசு, பல் ஐந்தாறு, அதுவும் கூம்பு மாதிரி. எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஈடிஏ மரபணுவில் கோளாறு. அம்மாவான என் வழியாக வந்தது. (அதற்கு மாமியார் சொன்னதை விடுங்கள்.)

முதலில் பள்ளிக்கு ஈரத்துண்டு கொடுத்து அனுப்பினேன். விளையாட்டில் எங்கேயோ போட்டுவிட்டு வந்தான். அப்புறம்தான் பனியன் யோசனை. கையில்லாத பருத்தி பனியனைப் பானைத் தண்ணீரில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, சட்டைக்குள் போட்டுவிட்டேன். ஈரம் காயும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. வியர்வை செய்கிற அதே வேலை. எங்கள் ஊர் வறண்ட காற்றில் ஒன்றரை மணி நேரம் தாங்கும். மாற்றிக்கொள்ள டிபன் டப்பாவில் இன்னும் இரண்டு.

ஈரச் சட்டையைப் பார்த்துப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். டீச்சர் ஒருநாள் எல்லோர் புறங்கையிலும் தண்ணீர் தடவி ஊதச் சொன்னார். "ஜில்லுனு இருக்கு டீச்சர்!" அதோடு கேலி நின்றது.

சாப்பாடு பிரச்சினையே இல்லை. தர்மபுரிக்காரனுக்குப் பல் எதற்கு? கேழ்வரகுக் களியைக் கீரைக் கடைசலில் தொட்டு விழுங்கிவிடுவான்.

ஒன்று மட்டும்: நிழலிலும் ஈரத்திலும் சூடு இறங்காவிட்டால் அது நிஜக் காய்ச்சலாக இருக்கலாம். அன்று நேரே ஆஸ்பத்திரிதான்.