பெரிய கோயில் நிழல் தரையில் விழுமா? அளந்து பார்க்கும் முறை

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் (கருவறைக்கு மேல் எழும் கோபுரம்) நிழல் தரையில் விழாது என்று பள்ளிக்கூடத்தில் தொடங்கி வாட்ஸ்அப் வரை சொல்கிறார்கள். இதற்கு வாய்ச்சண்டை வேண்டாம். 1 மீட்டர் குச்சி, நூலில் கட்டிய தூக்குக்குண்டு, அளவு நாடா போதும்.

முதலில் கூற்றை இறுக்குங்கள். 'விழாது' என்றால் எந்த நாள், எத்தனை மணிக்கு? அது தெரியாமல் சோதிக்கவே முடியாது. டிசம்பர் 21, நண்பகல் என்று வைத்துக்கொள்வோம். தஞ்சையில் அன்று சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் 12 மணிக்கல்ல, ஏறக்குறைய 12.12-க்கு.

போவதற்கு முன் கணக்குப் போடுங்கள். தஞ்சையின் அட்சரேகை 10.8 பாகை. அன்று சூரியன் 23.4 பாகை தெற்கே. ஆக, தலைக்கு நேர் மேலிருந்து 34.2 பாகை சரிந்திருக்கும். 1 மீட்டர் குச்சிக்கு 68 செ.மீ. நிழல். விமானம் சுமார் 60 மீட்டர் (66 வரை சொல்வாரும் உண்டு) என்றால் நிழல் 41 மீட்டர். அடித்தளத்தின் பக்கம் சுமார் 30 மீட்டர். நடுவிலிருந்து சுவர் வரை 15. மீதி 26 மீட்டர் வடக்கே தரையில்தான் கிடக்க வேண்டும்.

அங்கே போய்ச் சமதரையில் குச்சியை நட்டு, தூக்குக்குண்டால் நேர் பாருங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: வடக்கிலோ தெற்கிலோ 1 பாகை சாய்ந்தாலே குச்சி நிழல் ஏறக்குறைய 1.7 செ.மீ. மாறும். விமானத்தின் நிழலைக் கணிக்க அதை 60-ஆல் பெருக்கும்போது 1 மீட்டரைத் தாண்டிய பிழை. கலசத்தின் நிழல் கூர்மையாகத் தெரியாது. விளிம்பு முக்கால் மீட்டர் அளவுக்கு மங்கிக் கிடக்கும், அதன் நடுவைக் குறியுங்கள். சுவரிலிருந்து அளந்தால் 15 மீட்டரைக் கூட்ட மறக்காதீர்கள். வடபுறம் சண்டிகேசுவரர் சன்னதி இருக்கிறது. நிழல் அதன்மேல் ஏறினால் அந்த அளவு செல்லாது.

பிறகு ஏன் இந்தப் பேச்சு வந்தது? மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை நண்பகலில் உச்சியின் நிழல் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். கோடை விடுமுறையில் மத்தியானம் போனவர் கண்ணுக்கு அது படாது. ஏப்ரல் 18, ஆகஸ்ட் 24-ஐ ஒட்டி சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அப்போது தெருவிலுள்ள மின்கம்பத்துக்கும் நிழல் கிடையாது!

'சோழர் திட்டமிட்டுக் கட்டினார்கள்' என்பது வேறு கூற்று. அதற்குக் குச்சி உதவாது, கல்வெட்டுதான். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகள் அச்சாகியிருக்கின்றன. அவன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் கலசம் கொடுத்ததும், தளிச்சேரிப் பெண்டுகள் (கோயிலில் ஆடிய பெண்கள்) 400 பேரின் பெயர்களும் அதில் உண்டு. நிழலைப் பற்றி ஒரு வரியும் இல்லை.