கும்பகோணம் போய்வரக் கார் வேண்டுமா?

டெல்டாவில் நமக்கு வாய்த்த பெரிய வசதி, ஏற்ற இறக்கமே இல்லாத சமவெளி. சைக்கிளுக்கு இதைவிட நல்ல தரை எங்கே கிடைக்கும்? 4, 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் கடை, ரேஷன், கோயில் போன்றவற்றுக்காவது காரை வீட்டில் விட்டுவிடுங்கள்.

நாள்கணக்கில் சும்மா நின்ற சைக்கிள் என்றால் முதலில் காற்று அடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக்கைப் பார்த்துவிடுங்கள். காற்று குறைந்த டயரோடு மிதித்துக் கால் வலித்துத்தான் பலர் இரண்டாம் நாளே விட்டுவிடுகிறார்கள். அறுவடைக் காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். சாலையில் காயும் நெல் வழுக்கும், வைக்கோல் செயினில் சுற்றிக்கொள்ளும். அந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

சரி, தொலைவான பயணம்? தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் சுமார் 40 கிலோமீட்டர். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் கார், போய்வர 5 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அப்படியென்றால் 11 கிலோவுக்கு மேல், அதுவும் பல நாள் ஒரே ஆளுக்காக! பாபநாசம், கும்பகோணம், மயிலாடுதுறை எல்லாம் ஒரே ரயில் தடத்தில்தான் இருக்கின்றன. ஸ்டேஷன் வரை சைக்கிளில் போய், ஸ்டாண்டில் பூட்டிவிட்டு ரயில் ஏறுங்கள். அப்புறம், அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வீட்டுப் பெண்களின் சந்தை வேலைக்கு அது போதும்.

நடக்க முடியாத பெரியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் நாளில் மட்டும் தயங்காமல் காரை எடுங்கள்.