ஹார்ட் டிஸ்க்ல இருக்கற எல்லாத்தையும் ஒரே லிஸ்ட்டா எடுக்க டிர் கமாண்ட், தமிழ் ஃபைல் பேரும் உடையாம

ஒரு டிஸ்க்ல என்னென்ன ஃபைல் இருக்குன்னு லிஸ்ட் எடுக்கணும்னா அதுக்குன்னு தனியா எந்த சாஃப்ட்வேரும் டவுன்லோட் பண்ணாதீங்க, விண்டோஸ்லயே டிர் (டி ஐ ஆர், டைரக்டரியோட சுருக்கம்) இருக்கு. 1981ல முதல் ஐபிஎம் பிசி வந்தப்பவே இருந்த கமாண்ட் இது, அதுக்கும் முன்னாடி சிபி/எம்ங்கற பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்துல இருந்துச்சு, இன்னைக்கு விண்டோஸ் 11லயும் அதே பேர்ல ஓடுது. எங்க வீட்டு பழைய ஹார்ட் டிஸ்க்ல அப்பா சேத்து வச்ச பாட்டு, ஸ்கேன் பண்ண புக்கு, கல்யாண ஃபோட்டோ எல்லாம் கலந்து கெடந்துச்சு, பாதிக்கு மேல தமிழ்ல பேர் வச்சது. அத மொத்தமா லிஸ்ட் எடுத்து எக்ஸல்ல ஏத்தி முடிச்ச கையோட இத எழுதறேன்.

ஒரு விஷயம், கமாண்டெல்லாம் நாம வாய்ல சொல்ற மாதிரி தமிழ்லயே எழுதறேன், நீங்க டைப் பண்றப்ப இங்கிலீஷ் எழுத்துல அடிங்க. எந்த பி, எந்த டின்னு குழப்பம் வர்ற எடத்துல சொல்லிடறேன்.

முதல்ல லிஸ்ட் எடுக்க வேண்டிய ஃபோல்டர எக்ஸ்புளோரர்ல திறங்க, மேல அட்ரஸ் பார்ல இருக்கறத அழிச்சிட்டு சி எம் டின்னு (கமாண்டோட டி) அடிச்சு என்டர் தட்டுங்க. கறுப்பு விண்டோ நேரா அதே ஃபோல்டர்லயே திறக்கும். ஸ்டார்ட் மெனு வழியா போயி சிடின்னு ஒரு கமாண்ட் போட்டு ஃபோல்டர் ஃபோல்டரா எறங்கறத விட இதுதான் சுலபம், நான் எப்பவும் இப்படித்தான்.

இப்ப சும்மா டிர் அடிங்க. ஒவ்வொரு வரியும் இப்படி வரும்:

15-01-2024  18:42    248,113  பொங்கல் கோலம்.ஜேபிஜி

தேதி, நேரம், எத்தன பைட், பேர், அவ்ளோதான். தேதி கடைசியா அந்த ஃபைல மாத்துன தேதி. கீழ மொத்தம் எத்தன ஃபைல், டிஸ்க்ல எவ்ளோ எடம் மிச்சம்னு ரெண்டு வரி இருக்கும். ஃபோல்டர் எண்ணிக்கைல ரெண்டு கூடுதலா தெரிஞ்சா பயப்படாதீங்க, ஒத்தப் புள்ளி, ரெட்டப் புள்ளின்னு மேல ரெண்டு வரி வருதுல்ல, அதையும் சேத்துத்தான் அது எண்ணும்.

சும்மா டிர் அடிச்சா மறைச்சு வச்ச ஃபைல் வராது, அதுக்கு டிர் /ஏ. இது பென் டிரைவ்க்கு ரொம்ப முக்கியம். பிரிண்ட் எடுக்கற கடைல குத்திட்டு வந்த பென் டிரைவ்ல ஃபோல்டரெல்லாம் காணாம போயி ஷார்ட்கட்டா மட்டும் நிக்கும் பாருங்க, அப்ப நிறைய பேர் பதறிப்போயி ஃபார்மட் போட்டுடறாங்க. தயவுசெஞ்சு போடாதீங்க. ஷார்ட்கட்ட கிளிக் பண்ணாம ஆன்டிவைரஸ் ஸ்கேன் பண்ணிட்டு டிர் /ஏ அடிச்சுப் பாருங்க, பெரும்பாலும் எல்லாம் அங்கயே இருக்கும், வைரஸ் ஒளிச்சு மட்டும்தான் வச்சிருக்கும். வெளிய கொண்டுவர அட்ரிப் -எச் -எஸ் /எஸ் /டி ஈ:\* (அட்ரிப்னா அட்ரிபியூட்டோட முதல் ஆறு எழுத்து, ஈங்கற எடத்துல உங்க டிரைவ் எழுத்து, டி இங்க டைரக்டரியோட டி).

வரிசை மாத்தறதுக்கு /ஓ. பெருசுல இருந்து சிறுசு வரைக்கும்னா டிர் /ஓ-எஸ், புதுசு மேல வரணும்னா டிர் /ஓ-டி, இது டேட்டோட டி. நடுவுல அந்தக் கோடு இருந்தா தலைகீழ் வரிசை.

ஒரு வகை ஃபைல் மட்டும் வேணும்னா டிர் *.ஜேபிஜி மாதிரி அடிக்கலாம், இதுல ஜேபிஇஜின்னு முடியற ஃபோட்டோ வராது, அதனால ரெண்டையும் எடம் விட்டு ஒண்ணா அடிங்க. ஆனா *.டாக்னு அடிச்சா டாக்எக்ஸும் சேந்து வரலாம். விண்டோஸ்க்கு முன்னாடி இருந்த டாஸ் காலத்துல பேர் 8 எழுத்து, பின்னாடி 3 எழுத்துதான், அந்தக் குட்டிப் பேர இன்னமும் நிறைய டிரைவ்ல விண்டோஸ் உள்ளுக்குள்ள வச்சிருக்கு, டிர் அதையும் பொருத்திப் பாக்குது. டிர் /எக்ஸ் அடிச்சா அந்தப் பேர் கண்ணுக்கே தெரியும்.

சரி, இப்ப நமக்கு வேண்டிய லிஸ்ட்:

டிர் /எஸ் /பி /ஏ-டி > சி:\லிஸ்ட்\எல்லாம்.டிஎக்ஸ்டி

/எஸ்னா உள்ள இருக்கற எல்லா ஃபோல்டரும். /பி ஏ பி சில ரெண்டாவதா வர்ற பி, தேதி சைஸ் எதுவும் இல்லாம முழு வழியோட வெறும் பேர் மட்டும். /ஏ-டின்னா (இதுவும் டைரக்டரியோட டி) ஃபோல்டர் பேர விட்டுட்டு ஃபைல் மட்டும். அடுத்து வர்ற அம்புக்குறி, லிஸ்ட்ட ஸ்கிரீன்ல காட்டாம அந்த டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதச் சொல்றது. சி டிரைவ்ல லிஸ்ட்னு ஒரு ஃபோல்டர் முன்னாடியே போட்டு வச்சுக்கங்க. லிஸ்ட் எடுக்கற எடத்துலயே சேவ் பண்ணாதீங்க, டிர் ஓடறதுக்கு முன்னாடியே அந்த டெக்ஸ்ட் ஃபைல் உருவாகிடும், அதனால லிஸ்ட்ல அதுவும் ஒரு ஃபைலா வந்து நிக்கும்.

இப்ப நோட்பேட்ல திறந்து பாத்தா இங்கிலீஷ் பேரெல்லாம் அழகா இருக்கும், தமிழ்ப் பேர் இருக்கற எடமெல்லாம் வரிசையா கேள்விக்குறி. என்னை ரொம்ப நேரம் நிறுத்தி வச்ச எடம் இதுதான். ஃபான்ட் பிரச்சனைன்னு தோணும், ஃபான்ட மாத்திப் பாத்தா ஒண்ணும் நடக்காது. நடக்கறது என்னன்னா, டிஸ்க்ல பேர் யூனிகோட்ல (எல்லா மொழி எழுத்துக்கும் எடம் இருக்கற முறை) பத்திரமா இருக்கு, ஆனா அந்தக் கறுப்பு விண்டோ வெளிய எழுதறப்ப ஒரு பழைய கோட் பேஜ்ல, அதாவது எந்த நம்பருக்கு எந்த எழுத்துங்கற பட்டியல வச்சு எழுதுது. சி எச் சி பின்னு மட்டும் அடிச்சுப் பாருங்க (சேஞ்ச் கோட் பேஜோட சுருக்கம், கடைசி எழுத்து பேஜோட பி), பெரும்பாலும் 437னு காட்டும். அது முதல் ஐபிஎம் பிசியோட எழுத்துப் பட்டியல், மொத்தமே 256 எடம், அதுல தமிழ் கெடையாது, அதனால தமிழ் எழுத்து வந்தாலே கேள்விக்குறி போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுது. அப்படி எழுதுன டெக்ஸ்ட் ஃபைல்ல இருந்து பேர திரும்ப எடுக்க வழியே கெடையாது, லிஸ்ட்ட மறுபடி எடுக்கணும்.

செய்ய வேண்டியது ஒரு வரிதான். டிர் போடறதுக்கு முன்னாடி:

சிஎச்சிபி 65001

65001னா யூடிஎஃப்-8, யூனிகோட ஃபைல்ல எழுதற ஒரு முறை. அப்புறம் அதே டிர் கமாண்ட அடிங்க, நோட்பேட்ல தமிழ் அப்படியே வரும். விண்டோவ மூடிட்டா இது போயிடும், அடுத்த வாட்டி திரும்ப அடிக்கணும். இன்னொண்ணு, இத அடிச்ச பிறகும் பழைய கறுப்பு விண்டோல தமிழ் கட்டம் கட்டமா தெரியலாம், அது மட்டும் நெஜமாவே ஃபான்ட் பிரச்சனை, ஸ்கிரீன நம்பாதீங்க, ஃபைல திறந்து பாத்து முடிவு பண்ணுங்க.

எக்ஸல்ல ஏத்தறப்பவும் நேரா ஃபைல் ஓப்பன்ல போயி திறந்தா தமிழ் கண்டபடி வரலாம். டேட்டா மெனுல ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி போயி, ஃபைல் ஒரிஜின்ங்கற எடத்துல 65001 யூனிகோட் எடுத்துக்கங்க.

அப்டேட்: சிகப்பு எழுத்துல எரர் வருதுன்னு சிலர் எழுதிருந்தீங்க. நீங்க திறந்துருக்கறது பவர்ஷெல், அது விண்டோஸோட இன்னொரு கமாண்ட் விண்டோ, விண்டோஸ் 11ல டெர்மினல் திறந்தா அதுதான் முதல்ல வரும். அங்கயும் டிர் ஓடும், ஆனா அது வேற ஒரு கமாண்டுக்கு வச்ச செல்லப்பேர், /எஸ் /பி எல்லாம் அதுக்குப் புரியாது. அங்கயே சி எம் டின்னு அடிச்சு என்டர் தட்டிட்டு தொடருங்க. பவர்ஷெல்ல நெறைய பண்ணலாம், ஒத்துக்கறேன், ஆனா புதுசா கத்துக்கறவங்களுக்கு இந்த வேலைக்கு டிர்தான் என் சாய்ஸ்.

இன்னொரு அப்டேட்: கேபிள் போட்டு கனெக்ட் பண்ணுன ஃபோன்ல இது ஆகாது. எக்ஸ்புளோரர்ல ஃபோன் தெரிஞ்சாலும் அதுக்கு டிரைவ் எழுத்து கெடையாது, எழுத்து இல்லாத எடத்துக்கு டிர் போகாது. ஃபோட்டோவ கம்ப்யூட்டருக்கு காப்பி பண்ணிட்டு லிஸ்ட் எடுங்க, இல்லன்னா மெமரி கார்ட கழட்டி ரீடர்ல போடுங்க, அதுக்கு எழுத்து வந்துடும்.