கிருபையைக் கூலிக் கணக்கில் எழுதலாமா?

2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவு சொசைட்டிப் பயிர்க்கடன் தள்ளுபடி என்று அறிவிப்பு வந்த வாரம். கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் பேச்சு முழுக்க அதுதான். தவணை தவறாமல் கட்டி முடித்திருந்த மாந்தோப்புக்காரப் பெரியவர் ஒருவர், "ஒழுங்கா கட்டினவன் இளிச்சவாயன்" என்று பொருமினார்.

அன்றைய வேதபாடம் மத்தேயு 20, இயேசு சொன்ன ஓர் உவமை. விடிகாலையில் திராட்சத்தோட்டத்துக்கு வந்தவனுக்கும், பதினோராம் மணிக்கு, அதாவது சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி. "மாங்கா பறிக்க நான் இப்படிக் கூலி குடுத்தா மறுநாள் காலையில எவன் வருவான்?" என்றார் பெரியவர். நியாயமான கேள்விதான். கிருபை, அதாவது தகுதி பாராமல் தேவன் காட்டும் தயவு, அந்த விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளில் பாதி இந்தக் கணக்கில்தான் தொடங்குகிறது.

"நாப்பது நாள் உபவாசம் இருந்தேன், வருமானத்துல பத்துல ஒரு பங்கு, தசமபாகம், தப்பினதில்ல, எனக்கு ஏன் இப்படி?" என்று கேட்பவர்களைப் பார்க்கிறோம். உபவாசத்தில் குற்றமில்லை, அதை ரசீதாக நீட்டும்போதுதான் சிக்கல். கிரியை, அதாவது செயல், செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்று எண்ணப்படாமல் கடனென்று எண்ணப்படும் என்கிறார் அப்போஸ்தலன் பவுல் (ரோமர் 4:4). தேவனை நமக்குக் கடன்பட்டவராக்கப் பார்க்கிறோம்.

கிருபைக்குக் கடன் தள்ளுபடியையே உவமையாகச் சொல்லும் பிரசங்கிமாரும் உண்டு. ஓரளவுக்குப் பொருந்தும். தள்ளுபடியான கடன் மாயமாய் மறைவதில்லை, அரசு அதை ஈடுகட்ட வேண்டும். இரட்சிப்பிலும் நமக்கு இலவசம், விலை சிலுவையில் செலுத்தப்பட்டது. ஆனால் தள்ளுபடிக்குத் தகுதிப் பட்டியல் உண்டு, சிட்டா உண்டு, தேதி உண்டு. இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனிடம் என்ன இருந்தது? ஞானஸ்நானம்கூட இல்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வார்த்தை அவனுக்குத்தான் கிடைத்தது.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் கொடுமையான தவறு, விசுவாசத்தையே ஒரு கிரியையாக்கிவிடுவது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம், பந்தல்கூடப் பிரிக்காத வாசலில், "விசுவாசம் பத்தலம்மா" என்று ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டேன். அந்த அம்மா பதில் பேசவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். மாற்கு 9-ல் மகனைக் குணமாக்கும்படி இயேசுவிடம் வந்த ஒரு தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கதறுகிறான். அரைகுறை விசுவாசம்தான். பையன் குணமானான். விசுவாசம் என்பது வாங்க நீட்டும் வெறுங்கை. அதைப் படியால் அளந்து பார்க்க யாருக்கும் உரிமையில்லை.

'கிருபைதான் இருக்கிறதே, எப்படியும் வாழலாம்' என்பது இதன் மறுகோடி. பவுலின் பதில் ஒரே சொல்: "கூடாதே" (ரோமர் 6). எபேசியர் 2:8, 9 வசனங்களை மனப்பாடமாய் ஒப்பிக்கிறவர்கள் பத்தாம் வசனத்தையும் சேர்த்துப் படிக்கட்டும். நற்கிரியைகளைச் செய்வதற்கென்றே சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அது சொல்கிறது.

எலத்தகிரி, கோவிலூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கர்களைப் பற்றி, "அவங்க கிரியையால மோட்சம் போகலாம்னு நம்புறவங்க" என்று புராட்டஸ்டன்டுகளான நம் ஆட்கள் சுலபமாய்ச் சொல்லிவிடுகிறார்கள். கிறிஸ்து வழியாக வரும் அருளின்றி, தன் செயல்களால் ஒருவன் இறைவன்முன் நீதிமானாக முடியும் என்பதை 1547-லேயே கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கம் கண்டித்துவிட்டது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் இதுபற்றிக் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 2006-ல் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். வேறுபாடுகள் இன்னும் உண்டு. ஆனால் நாம் கிருபை, இரட்சிப்பு என்பதை அவர்கள் அருள், மீட்பு என்கிறார்கள். பாதிச் சண்டை சொல்லில் தொடங்குகிறது.

கடைசியாக, விசுவாசத்தால் நீதிமான் என்னும் பவுலும், கிரியையும் வேண்டும் என்று நிருபம் எழுதிய யாக்கோபும் மோதுகிறார்கள் என்ற பேச்சு. இருவரும் ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். பவுல் காட்டுவது ஆதியாகமம் 15: ஆபிரகாம் விசுவாசித்தான், அது நீதியாக எண்ணப்பட்டது. யாக்கோபு காட்டுவது மகன் ஈசாக்கைப் பலியிட ஆபிரகாம் கட்டிய, 22-ம் அதிகாரத்துப் பலிபீடம். 15-ம் அதிகாரத்தில் ஈசாக்கு பிறக்கவே இல்லை. 22-ல் விறகைத் தானே சுமந்து மலையேறும் வயதுப் பையன். நீதியாக எண்ணப்பட்டது முதலில், கிரியை அதன் பின்னால்.