வெக்டர் வளர்ந்ததும் விழுந்த நிரல்

எங்கள் சி பிளஸ் பிளஸ் நிரல் சின்ன ஃபைலுக்கு ஒழுங்காக ஓடும். பெரிய ஃபைலைக் கொடுத்தால் செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தொடக்கூடாத மெமரியைத் தொட்டு நிரல் விழுந்துவிடும். அதுவும் ஒரே இடத்தில் விழாது. இந்த மாதிரி நேரத்தில் பிரின்ட் போட்டுத் தேடுவது வீண் வேலை. ஒரு வரி கூடினாலே மெமரி அமைப்பு மாறி, பிழை ஒளிந்துகொள்ளும்.

நிரல் ஓடும்போதே மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரைச் சேர்த்து மறுபடி கம்பைல் செய்தேன். ஜிசிசி கம்பைலரில் 4.8 பதிப்பிலிருந்தே இருக்கிறது. வேகம் ஏறக்குறைய பாதியாகும், ஆனால் மெமரிப் பிழை தேடும் இன்னொரு கருவியான வால்கிரைண்ட் அளவுக்கு இழுக்காது. முதல் ஓட்டத்திலேயே ‘ஹீப் யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ’ (விடுவித்த மெமரியைப் பிறகும் பயன்படுத்தியது) என்று நின்றது. அறிக்கையில் மூன்று ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகளின் வரிசை): எங்கே படித்தது, எங்கே விடுவித்தது, எங்கே ஒதுக்கியது. நடுவில் உள்ளதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அங்கே புஷ்பேக் இருந்தது; தேவைக்கேற்ப வளரும் பட்டியலான வெக்டரின் கடைசியில் ஓர் உறுப்பைச் சேர்ப்பது அது.

விஷயம் இதுதான்: ஒரு ஃபங்ஷன், வெக்டரின் ஓர் உறுப்புக்கு ரெஃபரன்ஸ் (அந்த உறுப்பு இருக்கும் இடத்தையே சுட்டும் பெயர்) பிடித்துக்கொண்டே அதே வெக்டரில் புதிதாகச் சேர்த்தது. கொள்ளளவு நிரம்பியதும் வெக்டர் பெரிய இடத்துக்குக் குடிபோய், பழைய இடத்தை விடுவித்துவிட்டது. ரெஃபரன்ஸ் மட்டும் பழைய முகவரியிலேயே நின்றது.

ரிசர்வ் போட்டு முன்கூட்டியே இடம் ஒதுக்கினால் அப்போதைக்கு அடங்கும். அப்புறம் இன்னும் பெரிய ஃபைல் வரும். அதனால் ரெஃபரன்ஸை எடுத்துவிட்டு இன்டெக்ஸை (உறுப்பின் வரிசை எண்ணை) வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது உறுப்பை எடுக்கும்படி மாற்றினேன். சானிடைசர் பில்டில் அதே ஃபைல் எந்தப் புகாரும் இல்லாமல் ஓடி முடிந்தது.