பாண்டி வெயில்ல ஸ்னோ ஸ்கேட்போர்டு செய்றது எப்படி? மொதல்ல அடிப்பக்கத்த பாருங்க

ஸ்னோ ஸ்கேட்னா ஸ்கேட்போர்டு மாதிரியே ஒரு பலகை, வீல் கிடையாது, கால இறுக்கிக் கட்டுற பைண்டிங்கும் கிடையாது, ஷூவோட ஏறி நின்னு அப்படியே சறுக்கணும். 1965ல அமெரிக்காவுல மிச்சிகன்ல ஷெர்மன் பாப்பன்னு ஒருத்தர் தன் பொண்ணுக்காக ரெண்டு ஸ்கீயை ஒண்ணா சேத்து ஸ்னர்ஃபர்னு ஒண்ணு செஞ்சார், இப்ப ஓடுற ஸ்னோபோர்டு எல்லாத்துக்கும் அதுதான் தாத்தா. அதுவும் வீட்டுல செஞ்சதுதான்.

சரி, ஸ்னோவே இல்லாத ஊர்ல எதுக்கு இதுன்னு கேப்பீங்க. குல்மார்க், ஆலி, சோலாங்னு ஸ்னோ விழுற வடக்கு மலை ஊருங்களுக்கு ஜனவரி பிப்ரவரில கெளம்புற பசங்க இங்க நெறைய பேரு இருக்காங்க, அப்புறம் மரைன் ப்ளை (தண்ணி தாங்குற ப்ளைவுட்), எபாக்ஸி ரெசின் (ரெண்டு திரவத்த கலந்தா கெட்டியாகுற பசை), ஃபைபர் வேலை தெரிஞ்ச ஆளுன்னு தேவையான எல்லாமே கடலோரத்துலதான் கெடைக்கும், படகு கட்டுற ஊர்ல பலகை செய்றது என்ன பெரிய விஷயம்.

புதுசா செய்றவங்க எல்லாரும் மொதல்ல மேல்பக்கம் டிசைன் வரைய உக்காந்துடுவாங்க. அத கடைசியா வச்சுக்கலாம். போர்டு ஓடுமா ஓடாதான்னு முடிவு பண்றது அடிப்பக்கம்தான்.

ஸ்டெப் 1: ஸ்னோவா ஐஸான்னு முடிவு பண்ணுங்க

ரெண்டும் ஒண்ணு இல்ல. ஸ்னோல புதையாம மெதக்கணும், அதுக்கு அகலமான அடிப்பக்கம் வேணும். கெட்டி ஐஸ்ல புதையுற பேச்சே இல்ல, அங்க பக்கவாட்டுல வழுக்காம கடிச்சுப் பிடிக்க கூரான ஸ்டீல் ஓரம் வேணும். ஒரே பலகைல செய்றது ஸ்னோவுக்கு. ஐஸும் வேணும்னா ரெண்டு அடுக்கு, அதாவது மேல ஸ்கேட் பலகை, நடுவுல ஒசரம் குடுக்க கட்டை, கீழ ஸ்டீல் ஓரம் வச்ச சின்ன ஸ்கீ. அந்த ஒசரம் சும்மா இல்ல, போர்ட சாய்க்கிறப்ப மேல்பலகை ஸ்னோல இடிக்காது, ஓரத்த அழுத்துறதுக்கும் நெம்புகோல் மாதிரி பலம் கெடைக்கும். மொத தடவ செய்றீங்கன்னா ஒத்தப் பலகையே போதும், கீழ சொல்றது அதுக்குத்தான்.

ஸ்டெப் 2: ஐஸ் பார்ல டெஸ்ட்

இது நம்ம ஊர்க்காரங்களுக்கு மட்டும் இருக்கிற வசதி. தேங்காய்த்திட்டு ஹார்பரோ கடலூர் முதுநகர் பக்கமோ மீனுக்கு ஐஸ் போடுற கம்பெனில ஒரு பார் வாங்கி நெழல்ல சாக்கு மேல வைங்க. வெறும் ப்ளை, வார்னிஷ் அடிச்ச ப்ளை, எச்டிபிஇன்ற கெட்டி பிளாஸ்டிக் ஷீட், மெழுகு தேச்ச எச்டிபிஇன்னு உள்ளங்கை சைஸ்ல துண்டு வெட்டி, ஒவ்வொண்ணு மேலயும் ஒரே எடைய வச்சு, ஐஸ் பார ஒரு பக்கமா மெதுவா தூக்குங்க, எது மொதல்ல நழுவுது எது ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னு பாத்துக்கோங்க. ஒண்ணு ஞாபகம் வைங்க, நம்ம வெயில்ல ஐஸ் மேல எப்பவும் தண்ணி நிக்கும், அதுல எல்லாமே கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும். மைனஸ் 5ல இருக்கிற காஞ்ச ஸ்னோ வேற மாதிரி, அதனால எது எதவிட தேவலன்னு பாக்க மட்டும்தான் இந்த டெஸ்ட். வெறும் மரத்த மட்டும் அடில விடாதீங்க, அது தண்ணி குடிக்கும், குடிச்ச தண்ணி அங்க குளுர்ல உறைஞ்சு ஸ்னோ கட்டி கட்டியா ஒட்டிக்கும்.

ஸ்டெப் 3: பலகை

நீளம் 95 செ.மீ, அகலம் 23 செ.மீ வச்சுக்கலாம். 4 மி.மீ மரைன் ப்ளை மூணு அடுக்கு, நடுவுல ஃபெவிகால் மரைன் மாதிரி தண்ணி தாங்குற பசை. ரெண்டு முனையிலயும் 18 செ.மீ தூரத்துக்கு 3 செ.மீ மேல தூக்குற மாதிரி கட்டைல அச்சு செஞ்சு, கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க விட்ருங்க. ஆசாரி யாராவது தெரிஞ்சவர் இருந்தா இந்த ஒரு வேலைய அவர்கிட்ட குடுத்துடலாம், கிளாம்ப் வாங்குற காசு மிச்சம்.

அப்புறம் ஓரம், ஓட்டை எல்லாத்துக்கும் எபாக்ஸி ரெண்டு கோட். வெயில் காலத்துல கப்புல மொத்தமா கலக்கி வச்சா அது தானா சூடாகி சீக்கிரமே கெட்டியாயிடும், கொஞ்சம் கொஞ்சமா கலக்கி அகலமான தட்டுல ஊத்திக்கோங்க. படகுக்கு அடிக்கிற பாலியஸ்டர் ரெசின யூஸ் பண்றவங்க ஒரு விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்: ரெசின சீக்கிரம் கெட்டியாக்க ஊத்துற கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேரடியா ஒண்ணா கலக்கவே கூடாது, வெடிக்கும். மொதல்ல கோபால்ட்ட ரெசின்ல நல்லா கலக்கி, அதுக்கப்புறம்தான் ஹார்டனர். கண்ணுக்கு கண்ணாடி, கைக்கு கிளவுஸ் இல்லாம ஹார்டனர தொடவும் கூடாது.

ஸ்டெப் 4: அடி ஷீட், இங்கதான் நெறைய பேர் கோட்டை விடுறாங்க

6 மி.மீ எச்டிபிஇ ஷீட்டே போதும். அதுல பசை ஒட்டாது, எபாக்ஸி போட்டாலும் உரிஞ்சு வந்துடும், அதனால ஸ்க்ரூதான். ஆனா இந்த பிளாஸ்டிக் குளுர்ல சுருங்கும். பாண்டில 35 டிகிரில மாட்டுறீங்க, அங்க மைனஸ் 5, மொத்தம் 40 டிகிரி வித்தியாசம். ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.15 மி.மீன்னு தோராயமா வச்சாலே 90 செ.மீ ஷீட்டு 5 மி.மீக்கு மேல சுருங்கும், ப்ளை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஷீட்டையும் பலகையையும் நெடுக டைட்டா ஸ்க்ரூ போட்டு வச்சிருந்தா என்ன ஆகும்? ஒண்ணு போர்டு வளையும், இல்ல ஸ்க்ரூ பிச்சுக்கும்.

அதுக்கு நடுவுல இருக்கிற ரெண்டு ஸ்க்ரூ மட்டும் டைட். மத்ததுக்கெல்லாம் ஷீட்டுல வட்ட ஓட்டை போடாம நீளவாக்குல ஓட்டை போடுங்க, முனைக்குப் போகப் போக நீளம் கூடணும், கடைசில 4 மி.மீ ஸ்க்ரூவுக்கு 8 மி.மீ ஓட்டை. மாட்டும்போது ஸ்க்ரூ அந்த ஓட்டைல பலகையோட நடுவ பாத்த ஓரத்துல இருக்கணும், ஏன்னா சுருங்குறப்ப ஷீட்டு நடுவ நோக்கித்தான் வரும். முழுசா முறுக்கிட்டு கால் சுத்து தளத்தி விடுங்க. ஸ்க்ரூ தலை ஷீட்டுக்குள்ள முழுகி இருக்கணும், விரலால தடவிப் பாத்தா தட்டுப்படக் கூடாது.

ஷீட்ட மாட்டுறதுக்கு முன்னாடியே ரவுட்டர்ல (பள்ளம் இழுக்குற மரவேலை மெஷின்) நீளவாக்குல மூணு பள்ளம் 2 மி.மீ ஆழத்துக்கு இழுத்துக்கோங்க. அது இல்லன்னா போர்டு நேரா போகாது, நண்டு மாதிரி பக்கவாட்டுல போகும்.

ஸ்டெப் 5: மெழுகும் மேல்பக்கமும்

பாரஃபின் மெழுக அயர்ன் பாக்ஸ்ல உருக்கி சொட்டு சொட்டா விட்டு தேச்சு, ஆறினதும் பிளாஸ்டிக் ஸ்கேல்ல சுரண்டி எடுங்க. எச்டிபிஇ 130 டிகிரி பக்கத்துலயே உருகிடும், அதனால அயர்ன் கொறஞ்ச சூட்டுலயே இருக்கட்டும், ஒரே எடத்துலயும் வைக்காதீங்க. செரினிட்டி பீச்ல சர்ஃப் பண்ற பசங்க பாக்கெட்ல இருக்கிற மெழுகு இதுக்கு ஆகாதுங்க, அது கால் வழுக்காம இருக்க தேய்க்கிறது, அடில தேச்சா போர்டு நின்னுடும்.

மேல ஸ்கேட்போர்டுக்கு ஒட்டுற சொரசொரப்பான கிரிப் டேப் வேணாம், ஸ்னோ அடைச்சு வழவழன்னு ஆயிடும். செருப்பு சாமான் விக்கிற கடைல ஈவா ஷீட் (மெத்துன்னு இருக்கிற ஃபோம்) கேட்டா குடுப்பாங்க, 4 மி.மீ எடுத்து ஒட்டி, பிளேடால குறுக்கும் நெடுக்கும் கீறி விடுங்க.

கடைசியா பின்பக்கம் ஒரு ஓட்டை போட்டு சர்ஃப் லீஷ், அதாவது போர்ட காலோட கட்டுற கயிறு, மாட்டுங்க. பைண்டிங் இல்லாததால நீங்க விழுந்தா போர்டு மட்டும் தனியா மலை எறங்கும், கீழ நிக்கிறவன் கால ஒடைக்கும், லீஷ் இல்லாம ஏத்தவே மாட்டோம்னு சொல்ற ஸ்கீ ரிசார்ட்டும் இருக்கு. அங்க போனதும் போர்ட ரூமுக்குள்ள வைக்காம ஒரு மணி நேரம் வெளிய குளுர்ல போட்டுட்டு, சுருங்கி முடிச்சதும் எல்லா ஸ்க்ரூவையும் ஒருக்கா செக் பண்ணிட்டு ஏறுங்க. மொத நாள் சரிவு கம்மியா, கீழ சமவெளில போய் முடியிற எடமா பாத்துக்கோங்க, பிரேக்குன்னு ஒண்ணு இதுல இல்ல.