பகுதி நேர சிடிஓ போதுமா, முழுநேர ஆள் வேண்டுமா? முடிவெடுக்க ஒரு வழி

கம்பெனி வளர ஆரம்பித்ததும் டெக்னாலஜி சம்பந்தமான எல்லாக் கேள்விகளும் நிறுவனரிடமே வந்து நிற்கும். எந்த டேட்டாபேஸ், ரிலீஸ் ஏன் தள்ளிப்போகிறது, இந்த டெவலப்பர் கேட்கும் சம்பளம் நியாயமா, பெரிய கஸ்டமர் அனுப்பிய செக்யூரிட்டி கேள்வித்தாளை யார் நிரப்புவது என்று ஒரு நாளும் ஓயாது. உடனே "நமக்கு ஒரு சிடிஓ வேண்டும்", அதாவது டெக்னாலஜிக்கென்று ஒரு தலைமைப் பொறுப்பாளர் வேண்டும் என்று தோன்றும். அப்புறம்தான் குழப்பம் ஆரம்பிக்கும். வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் வந்துபோகும் அனுபவசாலி போதுமா, முழுநேரமாக ஒருவரை உள்ளே கொண்டுவர வேண்டுமா?

நிறையப் பேர் இதை வெறும் பணக் கணக்காகப் பார்க்கிறார்கள். காசு இருந்தால் முழுநேரம், இல்லாவிட்டால் பகுதி நேரம், அவ்வளவுதான். நான் அப்படிப் பார்ப்பதில்லை. உங்கள் கம்பெனியில் ஒரு வாரம் காத்திருக்கக்கூடிய முடிவுகள் எத்தனை, அன்றைக்கே எடுத்தாக வேண்டியவை எத்தனை என்று முதலில் தெரிய வேண்டும். பட்ஜெட்டை அதற்குப் பிறகு பேசலாம்.

படி 1: இரண்டு வாரம் குறித்து வையுங்கள்

ஒரு சாதாரண ஸ்ப்ரெட்ஷீட் போதும். நான்கு பத்தி: என்ன கேள்வி, யார் கேட்டார், யார் முடிவு செய்தார், எவ்வளவு நேரம் காத்துக் கிடந்தது. உதாரணமாக இப்படி இருக்கும்:

செவ்வாய்: பேமென்ட் கேட்வேயை மாற்றலாமா? கேட்டவர் பேக்எண்ட் டெவலப்பர். யாரும் முடிவு செய்யவில்லை. 6 நாளாகக் கிடக்கிறது.

புதன்: இரண்டு பேர் ஒரே வேலையை இரண்டு விதமாக எழுதிவிட்டார்கள், எதை மெர்ஜ் செய்வது (பொதுக் கோடில் சேர்ப்பது)? நிறுவனர் பூவா தலையா போட்டுப் பார்க்காத குறையாக ஒன்றைச் சொன்னார். 3 மணி நேரம்.

வெள்ளி: ஜூனியர் ஒருவர் வேலையை விடப்போகிறாராம். உட்கார்ந்து பேச ஆள் இல்லை.

பொறுமையாக இரண்டு வாரம் எழுதுங்கள், நடுவில் எதையும் அலச வேண்டாம். சின்ன விஷயம்தானே என்று எதையும் விட்டுவிடவும் கூடாது. மேலே உள்ள மூன்றில் எனக்கு அதிகம் கவலை தருவது அந்த வெள்ளிக்கிழமை வரிதான்.

படி 2: மூன்று குவியலாகப் பிரியுங்கள்

முதல் குவியல், திசை. கிளவுட் எது, இதை நாமே கட்டுவதா விலைக்கு வாங்குவதா, பழைய கோடை மொத்தமாக மாற்றி எழுதலாமா, அடுத்த ஆண்டுக்கு எத்தனை பேரை எடுப்பது. இவை கனமான முடிவுகள், ஆனால் அடிக்கடி வராது. ஒரு வாரம் காத்திருந்தால் குடிமுழுகாது, சில சமயம் காத்திருப்பதே நல்லது. பகுதி நேர சிடிஓ ஜொலிப்பது இங்கேதான், ஏனென்றால் இதே சிக்கலை அவர் வேறு சில கம்பெனிகளில் ஏற்கனவே பார்த்திருப்பார்.

இரண்டாவது குவியல், ஆட்கள். கோட் ரிவ்யூ (ஒருவர் எழுதிய கோடை மற்றவர் சரிபார்ப்பது) தகராறு, யாருக்கு எந்த வேலை, புதிதாக வந்தவர் ஏன் தடுமாறுகிறார், சொன்ன தேதிக்கு ஏன் முடியவில்லை. இது தினசரி வேலை. வாரத்தில் ஒரு நாள் வருபவரால் இதைச் செய்ய முடியாது, அவர் எவ்வளவு பெரிய கெட்டிக்காரராக இருந்தாலும். அவர் வரும் நாள்வரை டீம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காது, குரல் உயர்ந்தவர் சொல்வது முடிவாகிவிடும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கோடில் அது அப்படியே தெரியும்.

மூன்றாவது குவியல், தீயணைப்பு. சர்வர் விழுந்தது, டேட்டா கசிந்தது. "இதற்காகத்தான் முழுநேர ஆள் வேண்டும்" என்று பலர் சொல்வார்கள், நான் முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். புதிய மென்பொருளை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டும், 7-இல் மட்டும் ஏறியது. எட்டாவதில் கிடந்த பழைய கோட் கண்டபடி ஆர்டர் அனுப்ப ஆரம்பித்தது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். பதற்றத்தில் சரியாக இருந்த 7 சர்வர்களிலிருந்தும் புதிய கோடைக் கழற்றினார்கள், நிலைமை இன்னும் மோசமானது. அது சின்ன கம்பெனியும் இல்லை, ஆள் பஞ்சமும் இல்லை. அந்த நேரத்தில் உதவுவது எதை, எப்படி, யார் நிறுத்தலாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்த ஒரு பக்கம். அதை ஒரு பகுதி நேர சிடிஓ ஒரே மாதத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம். எழுதியதைச் செயல்படுத்தத்தான் தினமும் உள்ளே இருக்கும் ஆள் வேண்டும், அவர் சிடிஓவாக இருக்க வேண்டியதில்லை.

படி 3: எந்தக் குவியல் பெரிது என்று பாருங்கள்

திசைதான் அதிகம் என்றால் பகுதி நேரம் போதும், தயங்க வேண்டாம்.

ஆட்கள் குவியல்தான் பெரிது என்றால் முழுநேர ஆள் நிச்சயம் வேண்டும். ஆனால் அவர் சிடிஓதானா? பெரும்பாலும் ஒரு நல்ல இன்ஜினியரிங் மேனேஜர் போதும், அல்லது உங்களிடமே இருக்கும் சீனியர் ஒருவரை டீம் லீடாக உயர்த்தி, அவருக்கு மேலே ஒரு பகுதி நேர சிடிஓவை வைக்கலாம். வளரும் கம்பெனிகளில் பாதிக்கு இந்தக் கூட்டணியே சரியாக இருக்கும் என்பது என் கணிப்பு. ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளையும் பிக்ஸார் என்ற அனிமேஷன் நிறுவனத்தையும் ஒரே காலத்தில் கவனித்தார் என்று உதாரணம் காட்டுபவர்கள், பிக்ஸாரின் அன்றாட வேலையை அதன் இணை நிறுவனர் எட் கேட்மல் போன்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

நேராக முழுநேர சிடிஓவுக்கே போக வேண்டிய இடங்களும் உண்டு. நீங்கள் விற்பதே கடினமான டெக்னாலஜி என்றால், மருத்துவத் தகவலோ பிறர் பணமோ கையாள்கிறீர்கள் என்றால், அல்லது ஒரு மேனேஜரால் நேரடியாகப் பார்த்துக்கொள்ளக்கூடிய ஆறேழு பேரைத் தாண்டி டீம்கள் இரண்டு மூன்றாகப் பிரிந்துவிட்டால். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களின் தகவலை வைத்திருந்தால் ஜிடிபிஆர் என்ற தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தக்கூடும். கசிவு தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குச் சொல்ல வேண்டும் என்பது அதன் பொது விதி. வெள்ளி மாலை தெரிந்தால் திங்கள் மாலை கெடு. உங்கள் சிடிஓ செவ்வாய்தோறும் வருபவர் என்றால் கணக்கு எங்கே இடிக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

படி 4: பகுதி நேரம் என்றால், எழுத்தில் போடுங்கள்

"மாதம் இத்தனை மணி நேரம்" என்று போடாதீர்கள், அது மணிக்கணக்குச் சண்டையில்தான் முடியும். எந்தக் கிழமைகள், அவசரத்துக்குக் கூப்பிட்டால் எத்தனை மணி நேரத்தில் பதில், எவ்வளவு தொகை வரை அவரே ஒப்புதல் தரலாம், ஆள் எடுப்பதில் அவர் சொல்வது யோசனையா முடிவா என்று எழுதுங்கள். அதிகாரம் இல்லாத பகுதி நேர சிடிஓ வெறும் ஆலோசகர், டீம் அதை இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிடும். அவர் எழுதும் கோடும் ஆவணங்களும் கம்பெனிக்கே சொந்தம், போட்டிக் கம்பெனிக்கு அதே காலத்தில் வேலை செய்யக்கூடாது, விலகுவதென்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிளவுட் கணக்கு, டொமைன், கோட் களஞ்சியம் மூன்றும் கம்பெனி பெயரில், கம்பெனி மின்னஞ்சலில் இருக்க வேண்டும். அவருடைய சொந்தக் கணக்கில் ஒன்றுகூட இருக்கக்கூடாது, நம்பிக்கையைப் பற்றிய பேச்சே இல்லை இது. கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம் 2014 ஜூனில் மூடப்பட்டதற்குக் காரணம், அதன் அமேசான் கிளவுட் கணக்கின் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் ஒருவன் புகுந்து டேட்டாவையும் பேக்கப்பையும் சேர்த்தே அழித்ததுதான். ஒரே சாவியில் எல்லாம் திறந்தது. அதனால் பேக்கப்பின் ஒரு பிரதி வேறு கணக்கில் இருக்கிறதா என்பதையும் இதே கையோடு பார்த்துவிடுங்கள்.

படி 5: முதல் 90 நாளில் என்ன எதிர்பார்ப்பது

கோட் எழுதித் தள்ளுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் மாதத்தில் ஒரு வேலையை மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள்: பேக்கப்பிலிருந்து டேட்டாவை உண்மையாகவே மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். 2017 ஜனவரி 31 அன்று, பிறர் கோடைச் சேமித்து வைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு இன்ஜினியர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப்புக்கு ஐந்து வழிகள் வைத்திருந்தும் அவற்றில் ஒன்றையும் நம்ப முடியவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்த ஒரு நகல் காப்பாற்றியது, அந்த ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான். கிட்லேப்புக்கே அந்த நிலைமை.

90 நாள் முடிவில் பழைய ஸ்ப்ரெட்ஷீட்டை மறுபடி இரண்டு வாரம் எழுதுங்கள். காத்துக் கிடக்கும் நேரம் குறைந்திருக்க வேண்டும். திசைக் குவியல் குறைந்து ஆட்கள் குவியல் அப்படியே இருந்தால், அவர் தன் வேலையைச் செய்திருக்கிறார், நீங்கள்தான் அடுத்த ஆளை எடுக்காமல் இருக்கிறீர்கள்.

படி 6: முழுநேர ஆளை எடுக்கும்போது

பட்டத்தை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். "இன்ஜினியரிங் தலைவர்" என்று சேர்த்துவிட்டு ஓராண்டு கழித்து சிடிஓ ஆக்கலாம். சிடிஓ என்று சேர்த்துவிட்டுப் பின்னால் இறக்கவே முடியாது, அவர் ராஜினாமா கடிதத்தோடுதான் வருவார். பங்கு தருவதாக இருந்தால் ஸ்டார்ட்அப்களில் பரவலாக உள்ள வழக்கத்தையே பின்பற்றுங்கள்: 4 ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், முதல் ஆண்டு முடியாமல் போனால் எதுவும் கிடையாது.

நேர்காணலில் புத்தகக் கேள்விகள் வேண்டாம். உங்கள் ஸ்ப்ரெட்ஷீட்டிலிருந்து ஐந்து வரிகளை, பெயர்களை எடுத்துவிட்டு, அப்படியே முன்னால் வையுங்கள். "இதில் எதை நீங்களே முடிவு செய்வீர்கள், எதை டீமிடம் விடுவீர்கள்?" எல்லாவற்றையும் தானே முடிவு செய்வேன் என்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. அந்த ஜூனியரின் வரியைப் பார்த்ததும் எதிர்க்கேள்வி கேட்பவரை இரண்டாவது சுற்றுக்குக் கூப்பிடுங்கள்.

ஏற்கனவே பகுதி நேர சிடிஓ இருந்தால் நேர்காணலில் அவரையும் உட்கார வைக்கலாம். ஆனால் அந்த இடம் அவருக்கே வேண்டுமா என்று முதலில் கேட்டுவிடுங்கள், வேண்டும் என்றால் அவர் விண்ணப்பதாரர், நீதிபதி ஆக முடியாது. வேண்டாம் என்றால் புதியவர் வந்த பிறகும் ஒரு மாதம் அவரை ஒப்பந்தத்தில் வைத்திருங்கள். அந்த மாதத்தில் பாஸ்வேர்டுகளும் அனுமதிகளும் கைமாறட்டும், எந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்று அவர் வாயால் சொல்லிப் புதியவர் கையால் எழுதிக்கொள்ளட்டும், கடைசி நாளன்று பழையவரின் அனுமதிகள் எல்லாம் ரத்தாகிவிட்டனவா என்று நீங்களே பட்டியலை வைத்துச் சரிபாருங்கள்.